உப்பு நீ போட்டதில்லை

என் தங்க அப்பாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் காப்பி கிடைக்கிறதா? இங்கே உன் பேரைச் சொல்லி விற்கிற காப்பியை இன்று குடித்துவிட்டு வந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபத்தில் எழுதுகிறேன். பாதிக் கோபம் உன் மேல்தான்.

மாமா பீச் ரோட்டில் கடை திறந்திருக்கிறார். எந்த மாமா என்று கேட்காதே. அம்மாவின் தம்பி, தண்ணீர் லாரி மாமாதான். கடைக்குப் பேர் 'அத்தான் காப்பி'. அந்த அத்தான் நீதான்.

உள்ளே ஏசி. சுவரில் கண்ணாடி போட்டு உன் படம். சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்தது, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு உன் கையில் இருந்தது பன்னீர் சோடா. அதைக் கம்ப்யூட்டரில் காப்பி டம்ளராக மாற்றிவிட்டார்கள். கீழே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது: 'துறைமுகத்து உப்புக் காப்பி. அத்தான் கைப்பக்குவம்.'

நானாகப் போகவில்லை. அம்மாதான் துரத்தினாள். "ஏளா, நர்சிங்கயும் பாதியில விட்டுட்டு வந்துட்ட. எத்தன நாளைக்கு இப்படிச் செல்போன நோண்டிக்கிட்டு உக்காந்திருப்ப? அவன் உன்னயக் கல்லாவுல உக்கார வைக்கேன்னு சொல்லுதான். போய் நில்லு, போ."

சும்மா உட்கார வைப்பாரா மாமா? இன்றைக்கு யூடியூப்காரன் ஒருவன் வருகிறானாம். அவன் கேமராவுக்கு முன்னால் நான் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது எங்கப்பா காப்பி" என்று சொல்ல வேண்டும். சொன்னால் நாளையிலிருந்து வேலை. அவ்வளவுதான் பேச்சு.

டம்ளர் வந்தது. குடித்தேன். டிகாஷன் திக்காக, பால் கெட்டியாக, நல்லாத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல். ஆனால் உப்பு முதல் வாயிலேயே முகத்தில் அடித்தது. பாக்கெட் உப்பு. உன் காப்பியில் உப்பு இப்படியா வரும்? விழுங்கின பிறகு மெதுவாக வந்து, நாக்குக்கு அடியில் உட்கார்ந்து கரிக்கும்.

ஏனென்றால் நீ உப்பே போட்டதில்லை. முத்தையாபுரத்து போர்வெல் தண்ணிதான் உப்பு. குடம் குடமாக அடித்துக்கொண்டு வந்து ஊற்றினவள் நான், எனக்குத் தெரியாதா?

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து நல்ல தண்ணீர் ஏற்றிக்கொண்டு மாமாவின் லாரி தினமும் உன் தகரக் கொட்டகைக் காப்பிக் கடையைத் தாண்டித்தான் துறைமுகத்துக்குப் போகும். ஒரே ஒரு தடவை நீ வாயைத் திறந்து கேட்டாய். "மாப்ள, காப்பிக்கு மட்டும் ரெண்டு குடம் இறக்கிட்டுப் போயேன்." லாரியில் இருந்து இறங்காமலே சிரித்துக்கொண்டு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"பொண்ணும் குடுத்து, தண்ணியும் குடுக்கணுமா அத்தான்?"

காப்பி குடிக்க நின்ற டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எதற்குப்பா சிரித்தாய்?

பெண்ணெடுத்த வீட்டில் கைநீட்டக் கூடாது என்பது உன் வீம்பு. அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை. மறுநாள் ஒரு டிரைவர், "என்ன அண்ணாச்சி, கடலயே வடிகட்டி ஊத்திட்டீங்களா?" என்று கிண்டல் பண்ணினபோது, "ஆமாலே, உப்புப் போட்டுத்தான் ஆத்துதேன். அதான் ருசி. குடிச்சிட்டுப் போ" என்றாய். அவமானத்தை மறைக்க ஒரு பொய். அந்தப் பொய்யைத்தான் மாமா இன்றைக்கு போர்டில் எழுதி மாட்டியிருக்கிறான். ஆமாம், மாட்டியிருக்கிறான். இதற்கு மேல் 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை.

உண்மையைச் சொன்னால் உன் பொய் உடையும். சொல்லாவிட்டால் அவன் பொய் நிற்கும். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இதைத்தான் யோசித்தேன்.

"அக்கா, சொல்லுங்க, ஓடிட்டு இருக்கு" என்றான் யூடியூப்காரன்.

"இது எங்கப்பா காப்பி இல்ல. எங்கப்பா உப்புப் போட மாட்டாரு."

மாமா கல்லாவிலிருந்து பாய்ந்து வந்தான். "ஏளா, என்ன பேசுத? உங்கப்பன் வாயால சொன்னதுதான அது? ஊருக்கே தெரியும்!"

"ஏன் அப்படிச் சொன்னாருன்னு தெரியுமா மாமா? ரெண்டு குடம் தண்ணி கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க? சொல்லுங்க, கேமரா ஓடுது."

"நான் என்னத்தச் சொன்னேன்? எனக்கு ஞாபகமில்ல."

"எனக்கு இருக்கு. இடுப்புல குடத்தோட அங்கனதான் நின்னேன்." அவன் சொன்னதை அவன் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"அது விளையாட்டுக்குச் சொன்னதுளா."

"அப்ப அதயும் போர்டுல எழுதிப் போடுங்க."

நாற்காலியில் ஏறி உன் படத்தைக் கழற்றினேன். ஒருத்தனும் தடுக்கவில்லை. பஸ்ஸில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர், "ஏளா, கண்ணாடி உடஞ்சிரப் போவுது, ஓரமா உக்காரு" என்றார்.

வீட்டுக்குள் நுழைவதற்குள் மாமா போன் பண்ணிவிட்டிருந்தான். "வந்த வேலையயும் கெடுத்துட்டு வந்து நிக்கா பாரு! செத்த மனுசன் மானத்தயும்லா சந்தியில இழுத்துட்ட!" என்று அம்மா கத்தினாள். நானும் கத்தினேன். லாரிக்கு முன்னால் நடந்ததைச் சொன்னேன்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எந்தம்பி இப்படிச் சொன்னான்னு அந்த மனுசன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றாள். மாமா மறுபடி போன் அடித்தான். அவள் எடுக்கவில்லை.

அவளிடமாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? யாரைக் காப்பாற்றினாய், அவளையா, அவனையா? இல்லை, உன்னையா?

உன் பொய்யை நான் உடைத்துவிட்டேன். கோபப்படுவதானால் படு. எனக்கும் ஒரு கோபம் இருக்கிறது. நல்ல தண்ணீர் கிடைத்திருந்தால் உன் காப்பி எப்படி இருந்திருக்கும்? உன்னிடம் குடித்த ஒரு டிரைவருக்கும் அது தெரியாது. எனக்கும் தெரியாது. உனக்கே தெரியாது.

உன் நினைவு நாளுக்கு ஆத்தூர் வரைக்கும் நானே போய் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவருவேன். மாமாவின் லாரியில் ஏற மாட்டேன், பஸ்ஸில்தான். உன் பாய்லரைக் கழுவி, உன் மாதிரியே ஆற்றி, முதல் டம்ளரை உன் படத்துக்கு வைப்பேன். அதில் உப்பு இருக்காது. குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லு.

இடுப்பில் குடத்தோடு அங்கேயே நின்றவள்,
உன் மூத்த மகள் செல்வி