ஐஸ் பிடிக்கும் வரை

18 அக்டோபர் 1987, ஞாயிறு
நியூசிலாந்தின் பாபகூராவில் விடியற்காலையிலிருந்து மழை. மகள் சரோஜாவுக்கு எட்டாம் மாதம். அவள் புருசன் ஏரம்பமூர்த்தி கனடாவின் வடகரையில் பனிக்கரடிகளைப் பிடித்து நிறை பார்த்துக்கொண்டிருக்கிறார். யூனிவர்சிட்டி அனுப்பிய வேலையாம். தாலி கட்டவே பதினொரு நிமிடம் பிந்தி வந்த மனுசன். பிள்ளை பிறக்கமுன் வந்து சேருவாரா?

22 அக்டோபர்
கடிதம் வந்தது. சரோஜா வாசித்தாள். "கடலில் ஐஸ் பிடித்தால்தான் கரடிக்கு சீல் கிடைக்கும். அதுவரை பட்டினி."
எனக்கு ஆத்திரம் வந்தது. "கரடிக்கும் கந்தோரில சீல் குத்தவேணுமோ? எங்கட விசாவுக்குப் பதினாலு மாதம் இழுத்தடிச்சது காணாதோ?"
சரோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, சீல் எண்டா கடல்ல சீவிக்கிற மிருகம். ஐஸில இருக்கிற ஓட்டைக்கு மூச்சு விட வரும். அப்பதான் கரடி பிடிக்கும்."
ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு சீல் என்றால் ரப்பர் முத்திரைதான்.

30 அக்டோபர்
இன்னொரு கடிதம். ஒரு தாய்க் கரடி, இரண்டு குட்டிகள். தாயின் காதில் நாற்பத்தொன்று என்று இலக்கம். ஆடி மாதம் ஐஸ் உருகிய நாளிலிருந்து வாய்க்கு ஒன்றுமில்லை. தன் கொழுப்பைக் கரைத்து இரண்டுக்கும் பால் கொடுக்கிறதாம். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் ஒருவேளை சாப்பிட்டே எனக்குத் தலை சுற்றியது. பாலும் பழமும் தின்றுவிட்டு ஊரெல்லாம் விரதம் என்று சொல்லித் திரிந்த என் மச்சாள் அன்னபாக்கியத்துக்கு இதை எழுதவேண்டும்.

12 நவம்பர்
இன்னும் ஐஸ் பிடிக்கவில்லை.

19 நவம்பர்
மருமகன் போனில். "மாமி, ஐஸ் முன்னுக்கே உருகி இப்ப பிடிக்கவும் பிந்துது. பட்டினி ரெண்டு பக்கமும் நீளுது. கடைசி நிறை எடுக்காமல் வந்தால், எவ்வளவு நாள் தாங்கும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் போகும்."
ரிசீவரைச் சரோஜாவிடம் கொடுத்தேன். பிறகு மனம் கேட்கவில்லை, திரும்ப வாங்கினேன். நாற்பத்தொன்று எப்படி?
சின்னக் குட்டியைக் காணவில்லையாம்.
தாய் இன்னும் கரையில்தான் நிற்கிறதாம். மற்றக் குட்டிக்குப் பால் கொடுத்தபடி.

27 நவம்பர்
பெண் பிள்ளை. தகப்பன் பக்கத்தில் இல்லை. சரோஜா அழவில்லை. பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா, ஐஸ் பிடிச்சிட்டுதோ?"

4 டிசம்பர்
பிடித்துவிட்டது! மெல்லிய ஐஸ் உடையாமலிருக்கக் காலை அகட்டி, வயிறு ஐஸில் முட்டும்படி தாழ்ந்து, அடியடியாக அழுத்திப் பார்த்துப் போனதாம் அந்தத் தாய். குட்டி பின்னால். எலும்பும் தோலுமாகி நின்றும் அவசரப்படவில்லை. என்ன நிதானம்! இப்படி ஒருத்தியை நான் மனிதரில் கண்டதில்லை.

11 டிசம்பர்
மருமகன் வந்தார். உதடு குளிரில் வெடித்திருந்தது. பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.
"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமி. இனி நான் போகமாட்டன்."
"விசர்க் கதை கதையாதேங்கோ. வாற வருசமும் நீங்கள்தான் போகவேணும். அந்த ஒத்தைக் குட்டி இருக்குதோ எண்டு பார்க்க வேற ஆர் இருக்கினம்?"
சரோஜா என்னை முறைத்தாள். முறைக்கட்டும்.