மகளுக்குத் தெரியாத ரசிகன்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடையில் ஒருவர், மெத்தையைப் படுத்துப் பார்க்கிறேன் என்று படுத்து, குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். எழுப்பட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். "விடு, வாசல்ல போறவங்க பாக்கட்டும். நல்ல விளம்பரம்" என்றார். கடைசியில் மனிதர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவு மெத்துனு இல்லையே" என்று சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

இதை எழுதவா நோட்டை எடுத்தேன்? இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மகளின் அறையிலிருந்து ஒரு கொட்டாவி கேட்டது. நீளமான, ஓர் ஆணின் கொட்டாவி. அது முடிந்ததும் அக்கார்டியன். ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றுவிட்டேன். தலைவரின் முதல் ஆல்பம்! முதல் பாட்டு!

இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் அவரைக் கேட்கிற ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகள், பதினைந்து வயது, யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானாகக் கண்டுபிடித்துக் கேட்கிறாள்! கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். மனைவி எங்கிருந்து வந்தாள் என்றே தெரியவில்லை, சட்டைக் காலரைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"வாயத் திறந்தீங்க, நாளைக்கே விட்டுடுவா."

"ஏன் விடணும்?"

"படம் வரைஞ்சா. ஒண்ணு விடாம சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பினீங்க. விட்டுட்டா. நீச்சலுக்குப் போனா. கையில விசிலோட போய் நின்னீங்க. அதையும் விட்டுட்டா. இது ஒண்ணாவது அவளுக்குன்னு இருக்கட்டுமே."

விசில் விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டேன்.

மார்ச் 5, புதன்

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நான் தலைவரின் ரசிகன் என்று மகளுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? மனைவியின் புண்ணியம்தான். கல்யாணமான புதிதில் ஆசையாக இரண்டாவது ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சிடியில கீறல் விழுந்திருக்கா?" என்றாள். அன்றிலிருந்து தலைவருக்கு இந்த வீட்டில் பெயர் 'கொட்டாவி'. குழந்தை பிறந்ததும் சத்தமாகப் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஹெட்போனுக்குள் போனவன், போனவன்தான். அப்பா ஏதோ கேட்பார், என்னவோ கேட்பார் – மகளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

இவளைக் குறை சொல்லவும் முடியாது. தலைவர் ஒரு மாதிரிதான். முதல் ஆல்பத்தில் அக்கார்டியன், இரண்டாவதில் பேண்டு வாத்தியக் கோஷ்டி. மூன்றாவதைத் தண்ணீர் வடித்த நீச்சல்குளத்துக்குள் இறங்கிப் பதிவு செய்தார். நான்காவதில் கிதாரைத் தொடவே இல்லை. முப்பது குழந்தைகள் சேர்ந்து கத்தி வானிலை அறிக்கை படிப்பார்கள். ஒன்றைப் பிடித்துப்போய் அடுத்ததை வாங்கினால் வேறு ஆள் பாடுவது போல இருக்கும். அதற்காகத்தானே பிடிக்கும்?

மார்ச் 7, வெள்ளி

பள்ளி மாற்றிய பிறகு மகள் பேசுவதெல்லாம் மூன்றே சொற்கள்: "ம்", "இல்ல", "அப்புறம்". இன்று இரவு தட்டில் தாளம் போட்டுக்கொண்டே இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மனைவி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். புரிகிறது. என் வாய்க்குப் பூட்டு.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பிடும்போது அவளாகவே ஆரம்பித்தாள். "அப்பா, ஒருத்தன் இருக்கான். உனக்கெல்லாம் புரியாது. ஒவ்வொரு ஆல்பமும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்."

'ஒருத்தன்'! மீசை முளைத்த நாளிலிருந்து நான் 'அவர்' என்கிறேன்.

"அப்படியா?" என்றேன்.

"மூணாவது ஆல்பத்தை ரயில் சுரங்கத்துக்குள்ள போய் ரெக்கார்ட் பண்ணான், தெரியுமா? அதான் அந்த எதிரொலி."

மேஜைக்கடியில் மனைவியின் கால் என் பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றால், முழு எடையோடு.

"அப்படியா?" என்றேன் மறுபடியும். அந்தச் சொல்லை இவ்வளவு வலியோடு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மார்ச் 10, திங்கள்

நீச்சல்குளம். நீச்சல்குளம். நீச்சல்குளம். எழுதியதும் கொஞ்சம் பரவாயில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பரண் ஒழிக்கிறேன் என்று ஏறிய மகள் அங்கிருந்தே அலறினாள். பல்லியாக்கும் என்று ஓடினேன். கையில், தலைவர் முகம் போட்ட என் பழைய டீ-சர்ட். இரண்டாவது ஆல்பம் வந்த வருடம் வரிசையில் நின்று வாங்கியது. எனக்குத் தொப்பை விழுந்த பிறகு ஏதோ பழைய மூட்டையில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"இது எப்படி நம்ம வீட்ல? இப்ப எங்கயுமே கிடைக்காது இது!"

மனைவிக்குப் பொய் எவ்வளவு சரளமாக வருகிறது என்பதை இன்றுதான் கவனித்தேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "வண்டி துடைக்க உங்கப்பா கிலோக் கணக்குல பழைய துணி வாங்கிட்டு வருவாரே, அதுல வந்திருக்கும்."

வண்டி துடைக்கிற துணி! என் டீ-சர்ட்டு!

சாயங்காலம் அதைத் துவைத்துக் காயவைத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். முழங்கால் வரை தொங்குகிறது. அவளைப் பார்த்தால் எனக்கு இருபது வயது திரும்பி வந்த மாதிரி இருந்தது. "நல்லாருக்கா?" என்றாள். "கொஞ்சம் லூசா இருக்கு" என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 27, வியாழன்

தலைவர் வருகிறார். நம் ஊருக்கு. அடுத்த மாதம். கடையில் செய்தியைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த இரட்டை மெத்தையில் உட்கார்ந்துவிட்டேன். "உடம்பு சரியில்லையா?" என்றார் முதலாளி. "இல்ல, ஸ்பிரிங் சரியா இருக்கான்னு பாக்கறேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் மகள் என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். பதினாறுக்குக் கீழே இருப்பவர்களை, பெரியவர் ஒருவர் கூட வந்தால்தான் உள்ளே விடுவார்களாம். பள்ளித் தோழிகள் இரண்டு பேரும் வருகிறார்களாம். (தோழிகள்! இரண்டு பேர்! தலைவர் செய்த உபகாரம்.)

"அம்மா முடியாதுன்னுட்டாங்க. நீ வரியாப்பா? ரொம்ப போர் அடிக்கும். காதுல பஞ்சு வெச்சுக்கோ. ஓரமா நின்னா போதும்."

"சனிக்கிழமையா? கடையில கூட்டமா இருக்குமே…" என்று இழுத்தேன். "ப்ளீஸ்ப்பா" என்றாள். சரி, பார்க்கலாம் என்று பெரிய மனது பண்ணிச் சொல்லிவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு குதித்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். மனைவி என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். மூன்றாவது ஆல்பத்தைப் போட்டுவிட்டு எதிரே நின்று காவல் காத்தாள்.

"கால்!"

காலை நிறுத்தினேன்.

"தலை ஆடுது."

தலையை நிறுத்தினேன்.

"உதடு! கூடவே பாடறீங்க."

"சத்தமே வரலையே?"

"அவளுக்குக் கண்ணு இருக்கில்ல?"

கடைசியில் பல்வலிக்காரன் போல முகத்தை வைத்துக்கொண்டால் சரியாக வருகிறது என்று கண்டுபிடித்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்து தினமும் அந்த முகங்களைத்தான் பார்க்கிறாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 19, சனி

இன்று மாலை. நான் கல். நான் மரம். எனக்குப் பல் வலிக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

முக்கால்வாசி நிகழ்ச்சி வரை சமாளித்துவிட்டேன். தலைவர் மேடைக்கு வந்தபோது கூட்டம் போட்ட கூச்சலில் நான் மட்டும் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன். கண்ணையும் சேர்த்துத்தான். அவருக்கும் நரைத்துவிட்டது. மகள் நடுவில் ஒருமுறை திரும்பி, "பாவம்ப்பா நீ, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்றாள்.

அப்புறம் 'ஈரத் துண்டு' பாட்டு. அந்தப் பாட்டில் ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். அப்போது ரசிகர்கள் தரையில் உட்கார வேண்டும். தலைவர் விசிலடித்தால்தான் எழுந்திருக்கலாம். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. எங்கும் எழுதி வைத்ததில்லை. நேரில் வந்து பார்த்த பழைய ஆட்களுக்கு மட்டும் தெரிந்த வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் வெளியூர் போய் இரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறேன்.

நான் உட்காரவில்லை. சத்தியமாக நான் உட்காரவில்லை. இந்த உடம்பு உட்கார்ந்தது. வாத்தியம் நின்றதும் முழங்கால் தானாக மடங்கிப் பொத்தென்று போய்விட்டது. அரங்கத்திலேயே முதல் ஆள்.

"ஐயோ, அங்கிளுக்கு மயக்கம் வந்துடுச்சு!" என்று தோழிகளில் ஒருத்தி கத்தினாள். அந்த நிசப்தத்தில் அது மேடை வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்குள் அங்கங்கே வழுக்கைத் தலைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. மகள் அவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைக் குனிந்து பார்த்தாள். விசில் வந்தது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை, முழங்கால் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு மனிதர் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "எத்தனை வருஷமாண்ணே?" என்று ஆசையாகக் கேட்டார்.

"இருபத்திரண்டு" என்று வாய் சொல்லிவிட்டது. உடம்பும் போச்சு, வாயும் போச்சு.

திரும்பும் வழியில் வண்டியில் தோழிகள் மட்டும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

ஏப்ரல் 23, புதன்

மூன்று நாளாக அந்த அறையில் பாட்டே இல்லை. இன்று கடையிலிருந்து வந்து பார்த்தால் டீ-சர்ட் துவைத்து மடித்து என் தலையணை மேல் இருக்கிறது.

என்ன பண்ணித் தொலைச்சேன் நான்? ஒரு நிமிஷம் சும்மா நிக்கத் தெரியாதா? கல்லு மாதிரி இருக்கேன்னு சொன்னேனே! அவளுக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதான். அதையும் போய்ப் பிடுங்கிட்டேனே.

மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "உட்காரணும்னு ஒரு வழக்கம் இருக்குன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தா அதுக்கும் பழக்கி விட்டிருப்பேன்" என்றாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். மகள் வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ரயில் சுரங்கம்னு நான் சொன்னப்பவே உனக்குத் தெரியுமா?"

"ம்."

"தப்பா?"

"ம்."

"சரி, எங்க?"

"நீச்சல்குளம். தண்ணியில்லாதது."

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "ஐயோ. உனக்கே நான் பாடம் எடுத்திருக்கேன்." விரலிடுக்கு வழியாகச் சிரிக்கிறாள் என்று தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. குழாயை மூடினேன். நீ கேளும்மா, நான் இனிமேல் கிட்டவே வர மாட்டேன், ஹெட்போனைக்கூடப் போடமாட்டேன் என்று என்னென்னவோ சொன்னேன்.

"கோபமெல்லாம் இல்லப்பா. நல்ல பாட்டுதான். ஆனா இப்ப எதைப் போட்டாலும் நீ பொத்துனு உக்காந்ததுதான் ஞாபகம் வருது. அவரு உன் ஆளு. நீயே வெச்சுக்கோ. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

'அவரு' என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

மே 11, ஞாயிறு

அவளும் தோழிகளும் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு எதையெதையோ போட்டுப் போட்டு நிறுத்துகிறார்கள். எதுவும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. தலைவரைக் கேட்டவர்களுக்கு வேறு எது பிடிக்கும்? (இதை வெளியே சொல்லவில்லை.)

மே 20, செவ்வாய்

கடையில் இரண்டு மெத்தை விற்றது. வேறொன்றுமில்லை.

ஜூன் 1, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து கட்டிலில் உட்கார்ந்து, காதில் மாட்டுகிற ஒயரில் ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"இதைக் கேளு. யாரு என்னன்னு கேக்காத. கேட்டுட்டு எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு."

ஒரு பெண். பாடவில்லை, யாரிடமோ வழி கேட்பது போலப் பேசுகிறாள். பின்னால் இரண்டே பேர் கை தட்டுகிறார்கள், அதுவும் ஒருவர் கொஞ்சம் பிந்தி. எங்கேயோ ஒரு கதவு திறக்கிறது. பிறகு, எதிர்பார்க்காத இடத்தில், அவள் குரலை உயர்த்தினாள். என் முதுகுத்தண்டில் சிலிர்த்துக்கொண்டு போயிற்று. முதல் தடவை அந்தக் கொட்டாவியைக் கேட்டபோது இப்படித்தான் இருந்தது. அப்புறம் இத்தனை வருடத்தில் யார் பாடியும் எனக்கு இப்படி ஆனதில்லை.

பாட்டு முடிந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் இது, எத்தனை ஆல்பம் வந்திருக்கிறது, அந்தக் கதவு எந்த வீட்டுக் கதவு – எல்லாக் கேள்வியும் தொண்டை வரை வந்து நின்றது.

"என்னம்மா இது, ஒரே இரைச்சலா இருக்கு" என்றேன். "பாட்டா இது? வழி தெரியாம யாரோ புலம்பற மாதிரி இருக்கு."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "தெரியும்ப்பா. உனக்குப் புரியாதுன்னு தெரியும்!" என்று ஒயரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கதவைச் சாத்திக்கொண்டு அதே பாட்டை மறுபடி போட்டாள், இந்தத் தடவை சத்தமாக.

நான் மிச்சத் துணியை மடித்து வைத்தேன். ரொம்ப நல்ல பாட்டு.