அடைக்கல அன்னை என்றிருந்த வரி

செவ்வாய், இரவு

தூக்கம் வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து செல்வி அக்கா எழுதிய கோடிங்கைப் படித்துப் புரிந்துகொள்வதுதான் எனக்கு வேலை. விசைப்படகுக்காரர்களுக்கான சாப்ட்வேர் அது. காலையில் கடலுக்குப் போன படகு இரவுக்குள் கரை திரும்பாவிட்டால் வீட்டுக்கு மெசேஜ் போகும். திரும்பிவிட்டால் போகாது.

அதில் ஒரு வரி உறுத்தியது. படகின் பெயர் ‘அடைக்கல அன்னை’ என்றால் மெசேஜ் அனுப்பாதே. கோடிங்குக்குள் இப்படிப் பெயரை எழுதுவது தப்பு என்று வகுப்பில் படித்திருக்கிறேன். சோதித்துப் பார்த்துவிட்டு அழிக்க மறந்திருப்பார்கள் என்று மதியம் நானே அழித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

கிளம்பும் நேரத்தில் போன் வந்தது. ஒரு பெண்.

“படகு இன்னும் வரலன்னு மெசேஜ் வந்திருக்கும்மா. அப்ப இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கியளா?”

“ஆமாம்மா, வந்துரும்” என்றேன்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா போனைப் பிடுங்குவதற்குள் அந்தம்மா வைத்துவிட்டார்.

“ஏளா, அந்தப் படகு போன ஐப்பசில போனது. ஆளும் வரல, பலகையும் வரல. லிஸ்ட்லேர்ந்து பேரை எடுக்க அந்தம்மா விடல. மெசேஜ் போயிரக் கூடாதுன்னுதான் அந்த வரி. எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?”

அந்த வரி என்ன செய்கிறது என்று எனக்குச் சரியாகத்தான் புரிந்திருந்தது.

திரும்பப் போட்டுவிட்டேன். நாளை அந்த வீட்டுக்கு மெசேஜ் போகாது. மெசேஜ் வரவில்லை என்றால் படகு வந்துவிட்டது என்றுதான் எல்லா வீட்டிலும் எடுத்துக்கொள்வார்கள்.

இன்று வந்த மெசேஜ் நாளை வராததைப் பார்த்து அந்தம்மா இரவு துறைமுகத்துக்கு வந்து நின்றால்?