படுத்தபடியே கட்டிய வேட்டி

கார்த்திகை 9, செவ்வாய்

எங்கள் ஆஸ்பத்திரி வார்டில், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத பழனிசாமி அண்ணன் இன்று படுத்தபடியே புரண்டு, தானாகவே வேட்டி கட்டிக்கொண்டார். தெரபிஸ்ட்டாக மூன்று வாரமாக நான் சொல்லிக்கொடுத்தது. சந்தோஷத்தில், "அவ்வளவுதானுங்கண்ணா, இனி எந்திரிச்சுக் கெளம்ப வேண்டியதுதான்" என்றேன். வீட்டுக்குப் போகிற எல்லோரிடமும் சொல்கிற பேச்சு. என் வாயைத் தைக்க வேண்டும்.

"அப்ப எந்திரிச்சு நடந்துருவேனுங்களா அம்மணி?" என்றார்.

இனி நடக்க முடியாது என்று டாக்டர் அவர் மனைவியிடம் முதல் வாரமே சொல்லிவிட்டார். அந்த அக்கா இவரிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "பார்க்கலாமுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

கதவருகில் வரும்போது அவர் சென்னிமலையில் இருக்கும் வீட்டுக்குப் போன் போட்டு, மனைவியிடம் பேசுவது கேட்டது.

"நாளைக்கு வாரப்ப என்ற செருப்பைக் கொண்டாந்துரு கண்ணு."