வேன் ஜெனரேட்டரைப் பற்றி உன்னிடம் சொன்ன பொய்

அன்பு மகன் இப்ஹாமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் ஏதோ இருக்கிறோம், நீயும் டோஹாவில் நோய்நொடி இல்லாமல் இருக்க துஆச் செய்கிறோம். போனில் பேசும்போது உம்மா பக்கத்திலேயே இருப்பதால் இதைச் சொல்ல வழியில்லை, அதுதான் இந்தக் கடிதத்தை ஞாயிறு அங்கே வரும் ரிஸ்வியின் கையில் கொடுத்துவிடுகிறேன்.

வெள்ளைக்காரர்களை லக்கல மலைப் பக்கம் கூட்டிப்போகக் கட்டில், அடுப்பு எல்லாம் வைத்து நீ கட்டிய வேன் முற்றத்தில் அப்படியே நிற்கிறது. போகும்போது நீ சொன்னது ஒன்றே ஒன்று, வாப்பா, மாசம் ஒருக்கா இதுல இருக்கிற ஜெனரேட்டரைக் கால் மணித்தியாலம் ஓட விடுங்க என்று. நீ கேட்கும்போதெல்லாம் ஓட்டினேன் என்றேனே, அது பொய் மகன். முதல் மாதம் மட்டும்தான் ஓட்டினேன். அன்றைக்கு, நீ இருக்கும்போது மட்டுமே கேட்கும் அந்தச் சத்தம் கேட்டு உம்மா மாவுக் கையோடு ஓடிவந்து, மகன் வந்துட்டானா என்று வேனைச் சுற்றிப் பார்த்தாள். நான்தான் என்றதும் உள்ளே போய்விட்டாள். டேங்கை நிரப்பி மூடினேன், அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அதை இழுத்து ஓட்டும் கயிற்றில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

போன கிழமை மழைக்கு எல்கடுவ ரோட்டில் மண் சரிந்து கரண்டும் போய்விட்டது, ஒரு வாகனமும் போக வழியில்லை. மறுநாள் காலை உம்மாவுக்கு மூச்சிழுப்பு பிடித்துக்கொண்டது. மருந்துப் புகை பிடிக்கிற மெஷின் இருந்து என்ன செய்ய, கரண்ட் இல்லையே. ஜெனரேட்டரின் கயிற்றைத் தோள் கழன்றுபோகும் மட்டும் இழுத்தேன், செருமக்கூட இல்லை. எண்ணெய் பார்த்தேன், பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் போன் பண்ணியதும் மெக்கானிக் றஹீம் பாஸ் பட்டறையிலிருந்து சேற்றில் நடந்தே வந்தார். டேங்கைத் திறந்து மணந்து பார்த்ததுமே, ஹுசைன் நானா, இது எந்தக் காலத்துப் பெற்றோல் என்றார். நாடே பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த வருடம் நான் இரண்டு நாள் நின்று வாங்கி, அவசரத்துக்கென்று கேனில் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைத்தான் ஊற்றியிருந்தேன். அது பிசினாகிக் காபரேட்டரை அடைத்துவிட்டதாம். அவர் அதைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத ஓட்டையை வயர் இழையால் குத்தித் துப்புரவாக்கும்போது உள்ளே உம்மாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. என் பொய்தான் அவளைக் கொண்டுபோகப் போகிறது என்று பயந்து செத்தேன். அவர் தன் மோட்டார் சைக்கிளிலிருந்து போத்தலில் இறக்கிக் கொண்டுவந்த பெற்றோலை ஊற்றி இழுத்ததில் நாலாம் தரம் பிடித்தது, அல்ஹம்துலில்லாஹ்.

மெஷினை மூக்கில் வைத்து அரை மணித்தியாலத்தில் மூச்சு சீராகிவிட்டது. மூச்சு வந்ததும் அவள் முதல் செய்த வேலை, முற்றத்துப் பக்கம் கையைக் காட்டி என் முகத்தைப் பார்த்ததுதான். இல்லை, நான்தான் என்றேன். தலையாட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இப்போது சுகமாக இருக்கிறாள், நீ பதறாதே. இழுப்பு வந்ததை மகனிடம் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறாள், நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. எனக்குத்தான் உடம்பெல்லாம் அலுப்பாக இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. இனி மாதத்தில் முதல் ஜும்ஆ முடிந்ததும் புதுப் பெற்றோல் ஊற்றிக் கட்டாயம் ஓட்டுவேன். உம்மாவிடம், ஓட்டுமுன் உனக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேணாம், சொல்லாமலே ஓட்டுங்க என்கிறாள்.

அல்லாஹ் உன்னைக் காத்து, எங்கள் கண் பார்க்கக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வாப்பா,
ஹுசைன்