மலாய்த் தட்டை மாஸ்டருக்குக் கொடுக்காதேங்கோ

இஞ்சேருங்கோ,

உரும்பிராய்க்கு, சிவக்கொழுந்து அக்கா வீட்டுக்குப் போறன். குசினிப் பூட்டின் திறப்பு தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் இருக்கு. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் உறியில். என்னோடு கோபமென்று சாப்பிடாமல் இருக்காதேங்கோ.

நாலு மணிக்கு மானிப்பாயிலிருந்து பஞ்சலிங்கம் மாஸ்டர் வருவார். பினாங்கிலிருந்து நீங்கள் கொண்டுவந்த மலாய்ப் பாட்டுத் தட்டை அவருக்குக் கொடுக்கப்போறதாகச் சொன்னீங்கள். "உது பாட்டோ? பல்வலிக்காரி முனகுகிற மாதிரி இருக்கு" என்று நான் சொன்னதுதானே காரணம்?

மாஸ்டருக்குக் கோப்பி கொடுங்கோ. வேண்டுமென்றால் நாகசுரத் தட்டுகள் இரண்டையும் கொடுங்கோ. மலாய்த் தட்டு வீட்டில் இல்லையென்று சொல்லுங்கோ. அது பொய்யில்லை. சீலையில் சுற்றி நான்தான் கொண்டுபோறன்.

கிராமபோன் ஊசிகளை எலி இழுக்குது என்று சொன்னேன் அல்லவா? அந்த எலி நான்தான். நீங்கள் வாசிகசாலைக்குப் போன பிறகு நாளுக்கு மூன்று தரம் அந்தத் தட்டைப் போடுவேன். ஊசி முடிந்ததும் எலுமிச்சை முள்ளைச் செருகிப் பார்த்தேன். முன்னையைவிட இனிமையாய்ப் பாடுறாள்.

போன கிழமை அக்காவுக்கு அந்தப் பாட்டை நானே பாடிக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எந்தப் பல்லடி வலிக்குது?" என்றா. இனி அவவுக்கு அசலைக் காட்டாமல் நான் திரும்பப் போறதில்லை.

பின்னேரம் என்னைக் கூட்டிப்போக வரும்போது கிராமபோன் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கோ.

மீனாம்பிகை

வேலியோர எலுமிச்சையில் நீளமான முள்ளாய் நாலு முறித்து வாருங்கோ. அக்கா ஒருதரத்தில் ஒப்புக்கொள்ள மாட்டா.