சிரிப்புச் சத்தத்தில் சொன்ன கதவு

அன்பு மகள் மெர்லிக்கு,

நம் ஊர் எஸ்தான்சியாவிலிருந்து அம்மா எழுதுவது. அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வாய் ஓயாத வியாதி, மற்றபடி மாதா புண்ணியத்தில் இருவரும் நடமாடுகிறோம். நீயும் தோகாவில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்புவது எதற்கு என்று கேட்பாய். போனில் ஆரம்பித்தால் நடுவில் எதையாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். இது சிரிக்காமல் கேட்க வேண்டிய விஷயம்.

பக்கத்து வீட்டு டெல்ஃபின் செத்துப்போன செய்தி உனக்கு வந்திருக்கும். எப்படிச் செத்தான் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், உன் மனசு நோகும் என்று. நான் சொல்கிறேன், பெற்றவள் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? போன கிறிஸ்துமஸ் லீவில் ஐஸ் பேக்டரி முதலாளி உன்னைக் கூப்பிட்டு, தோகாவில் உனக்கு இதுதானே வேலை என்று தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கச் சொன்னாரே. அதற்கு முன்னால் வந்த இன்ஜினியர் தாளைப் பார்த்து வாசித்தார், அத்தனை பேரும் தூங்கினார்கள். உன் வகுப்பில் ஒருத்தன் கண் மூடவில்லை. ஐஸ் உறைய வைக்கிற அம்மோனியா குழாயிலிருந்து கசிந்தால் மூத்திர வாடை வரும் என்று சொல்லிவிட்டு, "முதல்ல நம்ம டெல்ஃபின் அண்ணனோட கால்சட்டையைப் பாருங்க, கள்ளு குடிச்சிருப்பாரு. அது காய்ஞ்சிருந்தா ஓடுங்க" என்றாய். டெல்ஃபினே எழுந்து நின்று கும்பிடு போட்டான். கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. உன் வகுப்பைப் பார்க்க வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அவன் செத்த அன்றைக்கு நிஜமாகவே வாடை வந்தது. ஒருத்தரும் ஓடவில்லையடி. "டேய் டெல்ஃபின், கால்சட்டையைக் காட்டுடா!" என்று கத்தியிருக்கிறார்கள். அந்த மனுஷன் ஐஸ் கட்டி மேல் ஏறி நின்று, "ஆமாண்டா, நான்தாண்டா, மன்னிச்சிருங்கடா" என்று கும்பிட்டிருக்கிறான். சிரித்து முடிப்பதற்குள் குழாய் வெடித்துவிட்டது. முன்கதவுப் பக்கம் நின்றவர்கள் தப்பித்தார்கள். இவன் கண் தெரியாமல் பின்கதவுக்கு ஓடினான், புகை மொத்தமும் காற்றோடு அந்தப் பக்கம்தான் போனது. ஐயோ, அந்த முகத்தை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை.

துக்க வீட்டில் நம் ஊர் வழக்கம்போல் சீட்டாட்டம், கேலி எல்லாம் இருந்தது. யாரோ உன் குரலிலேயே அந்த ஜோக்கைச் சொன்னார்கள், ஒரு வார்த்தை பிசகவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், சவப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டி நெனெங்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "சரிடா, காத்து எந்தப் பக்கம் அடிச்சா எந்தக் கதவுன்னு அவ சொன்னாளே, அது என்ன?" என்று கேட்டேன். ஒருத்தன் முன்கதவு என்றான், ஒருத்தன் பின்கதவு என்றான், மற்றவர்கள் சீட்டைக் கலைக்க ஆரம்பித்தார்கள். நீ அதைச் சொன்னாய் மெர்லி, என் காதால் கேட்டேன். நீ சொன்னபோது அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

உன்னைக் கொலைகாரி என்று சொல்ல வரவில்லை. குழாய் துருப்பிடித்தது முதலாளி செய்த பாவம். நானும் சந்தையில் நாலு பேரைச் சிரிக்க வைத்துத்தான் கருவாடு விற்கிறேன். ஆனால் தராசைத் தூக்கிவிட்டால் வாயை மூடிக்கொள்வேன், வாங்குகிறவள் கண் தராசு முள்ளில் இருக்க வேண்டும். அடுத்த வாரம் அங்கே புது ஆட்களுக்கு வகுப்பு என்றாயே. பெயரை மட்டும் மாற்றி இதே ஜோக்கைச் சொல்வாய், உன்னைத் தெரியாதா எனக்கு. சொல்லாதே. சிரிக்க வைக்க உனக்கு வேறு ஆயிரம் இருக்கிறது. சிரித்து ஓய்ந்த பிறகு கதவைச் சொல், சொன்னதைத் திருப்பிச் சொல்ல வை, எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு.

இன்னும் ஒன்று. டெல்ஃபின் பார்த்த வேலையை முதலாளி நெனெங்குக்கே கொடுத்திருக்கிறார், வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டாள். நேற்று வாசலில் வந்து நின்று, "பெரியம்மா, மெர்லி பேசினா எனக்கு ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. எந்தக் கதவு?" என்றாள். நீயே அவளைக் கூப்பிட்டுச் சொல். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறாள், அதற்குள் சொல்லிவிடு.

மாதா உன் கூடவே இருப்பாள். வெயிலில் தலையில் துணி இல்லாமல் நடக்காதே.

உன் அம்மா,
கோராசோன்